பழைய கீபோர்டு சுவிட்ச் நிஜமாவே உசத்தியா, இல்ல பழசு மேல இருக்குற பாசமா?

நீங்க கேட்டது இதுதான். இப்போ பிரௌன் சுவிட்ச் (ஒவ்வொரு கீக்கும் கீழ இருந்து அழுத்தத்தை உணருற பாகம்தான் சுவிட்ச், பிரௌன் அதுல ஒரு ரகம்) போட்ட ஒரு கீபோர்டுல டைப் பண்றீங்க, நாள் பூரா எழுதுற வேலை, 80கள்ல வந்த ஐபிஎம், ஆல்ப்ஸ் மாதிரி கம்பெனிகளோட சுவிட்ச் எல்லாம் இப்போ வர்றதை விட நல்லா இருக்கும்னு எங்க பாத்தாலும் சொல்றாங்க, அது உண்மையா இல்ல சும்மா பாசத்துல சொல்றாங்களா, உண்மைன்னா எதை வாங்கலாம். பாக்க ஒரு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உள்ள மூணு இருக்கு: விரலுக்கு நல்லா இருக்கா, அழுத்தினதை மிஷின் தப்பில்லாம எடுத்துக்குதா, ரொம்ப நாள் உழைக்குமா. மூணுக்கும் பதில் வேற வேற, எல்லாத்தையும் கலந்து பேசுறதாலதான் இந்த விஷயத்துல இவ்வளவு சண்டை வருது. நான் பல வருஷமா பழைய கீபோர்டுகளைப் பிரிச்சு, கழுவி, திரும்ப ஓட வைக்கிற வேலை பண்றேன், அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன். சுருக்கமா சொன்னா, ரெண்டு மூணு டிசைன் மட்டும் நிஜமாவே தனி ரகம், அதுக்கு ஈடா இன்னைக்கும் வேற ஒண்ணு வரலை. மத்ததெல்லாம் நல்ல சுவிட்ச், அவ்வளவுதான். அப்புறம் நீங்க வாங்கப்போற அந்த ஒரு பீஸ் இத்தனை வருஷம் எங்க எப்படிக் கிடந்துச்சுங்கறது, அதுல இருக்குறது எந்த சுவிட்ச்ங்கறதை விட முக்கியம்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம் பேசிடலாம், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். ஒரு கீ சுவிட்சுக்கு வேலை ரெண்டு. ஒண்ணு, கீ அழுத்தப்பட்டுச்சுன்னு மிஷினுக்குச் சொல்லணும். இன்னொண்ணு, சொல்லியாச்சுன்னு உங்க விரலுக்குச் சொல்லணும். ரெண்டும் ஒரே வேலைன்னுதான் நாம நினைப்போம், ஆனா சுவிட்சுக்குள்ள பாத்தா பல டிசைன்ல இந்த ரெண்டையும் ரெண்டு தனி பாகம் செய்யுது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நேரடி சம்பந்தமே இருக்காது. டைப்ரைட்டர் காலத்துல இந்தப் பிரச்சினையே இல்லை, எழுத்து பேப்பர்ல போய் அடிக்கிறது கைக்கும் தெரியும் காதுக்கும் தெரியும். 1961ல ஐபிஎம்மோட செலக்ட்ரிக்ங்கற எலக்ட்ரிக் டைப்ரைட்டர் வந்தப்போ மோட்டார் வேலையை எடுத்துக்கிச்சு, இருந்தாலும் உள்ள எல்லாமே இரும்புக் கம்பியும் நெம்புகோலும்தான், அதனால கைக்கு ஒரு தெளிவான பதில் வந்துச்சு. கம்ப்யூட்டர் டெர்மினல்னு ஒண்ணு (பெரிய கம்ப்யூட்டரோட இணைச்ச ஸ்கிரீனும் கீபோர்டும்) வந்ததும்தான் அந்தப் பதில் காணாமப் போச்சு, கீக்குக் கீழ வெறும் ஒரு மின்சாரத் தொடர்பு, அழுத்தினா ஸ்கிரீன்ல எழுத்து வரும், விரலுக்கு ஒண்ணும் வராது. நாள் முழுக்க வேகமா டைப் அடிச்சுப் பழகினவங்களுக்கு இது பெரிய இடைஞ்சல். பழைய சுவிட்சுகளோட வரலாறுல பாதி இந்தப் பதிலைத் திரும்பக் கொண்டுவர நடந்த முயற்சிதான்.

மீதிப் பாதி மிஷின் பக்கம். ரெண்டு உலோகத்தைத் தொட வச்சா சிக்னல் வரும்னு சொல்றது சுலபம், ஆனா உலோகம் தொடும்போது ஒரே தடவை தொடாது, சில மில்லிசெகண்டுக்கு குதிக்கும், ஒரு எழுத்துக்கு ரெண்டு எழுத்து விழும், அதுபோக தூசி, துரு, காத்துல இருக்குற ஈரம் எல்லாம் சேர்ந்து கொஞ்ச நாள்ல தொடர்பு கெட்டுப்போகும். அதனால உலோகத்தைக் காத்தே படாம வைக்கலாம்னு ஒரு வழி பாத்தாங்க, அதுதான் ரீட் சுவிட்ச். பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல வால்டர் எல்வுட் 1936ல கண்டுபிடிச்சது, சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள்ள ரெண்டு மெல்லிசு தகடு, காந்தம் பக்கத்துல வந்தா ஒட்டிக்கும். இதை கீக்குக் கீழ வச்சுப் பல கம்பெனி கீபோர்டு பண்ணுச்சு. இன்னொரு வழி, உலோகத்தைத் தொடவே விடாம இருக்குறது. ஹனிவெல் கம்பெனியோட மைக்ரோ சுவிட்ச் பிரிவுல எவரெட் வோர்த்மன், ஜோசப் மௌபின்னு ரெண்டு பேர் 1968ல ஹால் எஃபெக்ட் வச்சு ஒரு சுவிட்ச் பண்ணாங்க. கீத் தண்டுல காந்தம், கீழ ஒரு சின்னச் சிப், காந்தம் இறங்கினா சிப் மின்னழுத்தத்துல தெரிஞ்சுக்கும். தேயுறதுக்கு கான்டாக்ட்னு, அதாவது ஒண்ணோட ஒண்ணு தொடுற உலோகம்னு, எதுவும் அதுல கிடையாது. எம்ஐடி பல்கலைக்கழகத்தோட லிஸ்ப் மிஷின்ங்கற கம்ப்யூட்டர்களுக்கு வந்த அந்த ஸ்பேஸ் கேடட் கீபோர்டுலயும் இந்த வகைதான். இப்போ கேமிங் கீபோர்டு விக்கிறவங்க ஹால் எஃபெக்ட்னு புதுசு மாதிரி விளம்பரம் பண்றாங்க இல்லையா, அடிப்படை 50 வருஷத்துக்கு மேல பழசு. ஒரு வித்தியாசம் உண்டு, அதை நியாயமா சொல்லணும்: பழைய சிப் ஆன் ஆஃப் மட்டும்தான் சொல்லும், இப்போ வர்றது கீ எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு அளந்தே சொல்லுது, அதனாலதான் எந்த ஆழத்துல எழுத்து விழணும்னு நாமளே மாத்திக்க முடியுது. ஆக மிஷின் பக்கம் பாத்தா 1968லயே கிட்டத்தட்ட முழுசா தீர்ந்துபோன பிரச்சினை. ஆனா அந்த சுவிட்சை அழுத்திப் பாத்தா மேல இருந்து கீழ வரைக்கும் வழவழன்னு ஒரே சீரா போகும், எங்க எழுத்து விழுந்துச்சுன்னு விரலுக்குத் தெரியவே தெரியாது.

மூணாவது வழி கெபாசிட்டன்ஸ். ரெண்டு தகடு கிட்ட வந்தா மின்சாரம் சேமிக்கிற அளவு மாறும், அந்த மாற்றத்தைப் படிச்சா போதும். இதுல மலிவா ஒண்ணு, காஸ்ட்லியா ஒண்ணுன்னு ரெண்டு குடும்பம். மலிவானது கீ ட்ரானிக்ங்கற கம்பெனி பண்ண ஃபோம் அண்ட் ஃபாயில், கீத் தண்டு அடியில சின்ன வட்ட ஸ்பாஞ்ச், அதுக்கு அடியில அலுமினியம் பூசின பிளாஸ்டிக் வட்டம், அது சர்க்யூட் போர்டு கிட்ட வந்தா கீ பதிவாகும். 1983ல வந்த ஆப்பிள் லிசா கம்ப்யூட்டர்ல இதுதான், காம்பேக் போர்ட்டபிள் கம்ப்யூட்டர்லயும் இதுதான். இன்னைக்கு அந்தக் கீபோர்டு எதையாவது பிரிச்சீங்கன்னா உள்ள ஸ்பாஞ்ச் இருக்காது, பழுப்பு நிறத்துல பிசுபிசுன்னு ஒரு மாவு இருக்கும், தொட்டா விரல்ல ஒட்டும், ஊதினா பறக்கும். பயன்படுத்தினதால வந்த தேய்மானம் இல்லை இது, பெட்டில அப்படியே புதுசா வச்சிருந்தாலும் ஸ்பாஞ்ச் தானா மக்கிடும். பழசு எல்லாம் உறுதின்னு யாராவது சொன்னா எனக்கு இந்த மாவுதான் ஞாபகம் வரும்.

காஸ்ட்லியானது ஐபிஎம் பண்ணது. 70களோட ஆரம்பத்துல 3270 வரிசை டெர்மினல்களுக்கு பீம் ஸ்பிரிங்னு ஒரு சுவிட்ச் கொண்டுவந்தாங்க, செலக்ட்ரிக்ல பழகின கைக்கு அதே மாதிரி பதில் வரணும்ங்கறதுதான் நோக்கம். வளைஞ்ச ஒரு தட்டை ஸ்பிரிங், ஒரு அளவுக்கு மேல அழுத்தினா டக்குன்னு மறுபக்கம் புரளும், அந்தப் புரளலே கெபாசிட்டர் தகட்டையும் நகர்த்திடும். சிலதுல அதுக்கு மேல சத்தத்துக்குன்னே தனியா ஒரு சோலனாய்டு (மின்காந்தத்தால அடிக்கிற சின்னக் கருவி) வேற வச்சாங்க, ஒவ்வொரு கீக்கும் பெட்டிக்குள்ள இருந்து ஒரு அடி கேக்கும். கையில அழுத்திப் பாத்தவங்க யாரும் அதை மறக்க மாட்டாங்க, அவ்வளவு லேசா, அவ்வளவு துல்லியமா இருக்கும். ஆனா உயரம் அதிகம், பாகங்கள் அதிகம், பண்ண செலவு அதிகம்.

இங்கதான் ஐபிஎம் இன்ஜினியர் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் வர்றாரு. அவரோட பக்ளிங் ஸ்பிரிங் பேடன்ட் 1978 அக்டோபர்ல கிடைச்சுது, என்னைக் கேட்டா கீபோர்டு வரலாறுலயே இதைவிட அழகான டிசைன் வரலை. உள்ள பாகம்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்லை, ஒரு குழாய், ஒரு சுருள் ஸ்பிரிங், ஸ்பிரிங்கோட அடி மாட்டியிருக்குற ஒரு சின்ன ஆடுற தகடு. மெல்லிசான பிளாஸ்டிக் ஸ்கேலை ரெண்டு முனையும் பிடிச்சு அழுத்தினா கொஞ்ச நேரம் நேரா நின்னுட்டு திடீர்னு ஒரு பக்கமா வளையும் பாருங்க, அதேதான் இங்க ஸ்பிரிங்குக்கு நடக்குது. கீயை மெதுவா அழுத்திப் பாருங்க, முதல்ல ஸ்பிரிங் சுருங்கும், எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறும், ஒரு இடத்துல தாங்க முடியாம பக்கவாட்டுல ஒடியுற மாதிரி வளைஞ்சு குழாய்ச் சுவத்துல மோதும், அந்த மோதல்தான் சத்தம். வளையும்போது எதிர்ப்பு சட்டுனு குறையும், அதுதான் விரலுக்குத் தெரியுற பதில். வளையுற அதே நொடியில அடியில இருக்குற தகடு புரண்டு சிக்னல் குடுத்துடும். சத்தம், விரலுக்கான பதில், மிஷினுக்கான சிக்னல், மூணும் ஒரே நிகழ்ச்சில இருந்து வருது, மூணுக்கும் தனித்தனி பாகம் கிடையாது. நான் மேல சொன்ன ரெண்டு வேலையும் ஒண்ணா சேர்ந்த இடம் இதுதான். விரல் பொய் சொல்லாது இதுல, சத்தம் கேட்டா எழுத்து விழுந்துச்சுன்னு அர்த்தம், கேக்கலைன்னா விழலை, ஸ்கிரீனைப் பாக்கவே வேண்டாம். ரெண்டு மூணு டிசைன் தனி ரகம்னு நான் சொன்னது இந்த அர்த்தத்துலதான், பீம் ஸ்பிரிங்கும் பக்ளிங் ஸ்பிரிங்கும் அதுல முதல் ரெண்டு.

அதுலயும் ரெண்டு தலைமுறை இருக்கு. 1981ல முதல் ஐபிஎம் பிசியோட வந்தது மாடல் எஃப், அடியில கெபாசிட்டர், அதனால எத்தனை கீ ஒண்ணா அழுத்தினாலும் எல்லாம் தனித்தனியா பதிவாகும். 80கள் நடுவுல செலவைக் குறைக்க மாடல் எம் வந்துச்சு, ஸ்பிரிங் அதேதான், ஆனா அடியில கெபாசிட்டருக்குப் பதிலா பிளாஸ்டிக் தாள்ல அச்சடிச்ச மெம்பிரேன். எஃப் கொஞ்சம் லேசா, சத்தம் கணீர்னு இருக்கும், எம் கொஞ்சம் கனமா, மொத்தையா இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு அடிச்சா யாருக்கும் வித்தியாசம் தெரியும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா எம்மைத் தனியா பயன்படுத்துறவங்களுக்கு எதுவும் குறையாத் தெரியாது. இன்னைக்கு நாம பயன்படுத்துற 101 கீ அமைப்பு, மேல வரிசையா எஃப் கீ, வலது பக்கம் நம்பர் பேட், எல்லாம் அந்த மாடல் எம்மால நிலைச்சதுதான். அம்புக்குறி கீ நாலும் இப்போ இருக்குற மாதிரி கவுத்துப் போட்ட டி வடிவத்துல பிரபலமானது மட்டும் அதுக்கு முன்னாடியே, டெக் கம்பெனியோட எல்கே201 கீபோர்டால.

செர்ரிங்கற கம்பெனியோட எம்எக்ஸ் சுவிட்ச் பத்திச் சொல்லியாகணும், ஏன்னா உங்க பிரௌன் அந்தக் குடும்பம்தான். 80களோட முதல் பாதில வந்தது, பேடன்ட் 1984ல கிடைச்சுது. அந்த நேரத்துல ஐரோப்பால, முக்கியமா ஜெர்மனில, கீபோர்டு உயரம் நடு வரிசையில 30 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஒரு நெருக்கடி இருந்துச்சு, மணிக்கட்டுக்கு நல்லதுன்னு. உயரமான பழைய சுவிட்ச் எல்லாம் அதுல அடிபட்டுப் போச்சு, எம்எக்ஸ் மாதிரி குட்டையானதுக்கு வழி கிடைச்சுது. உள்ள ரெண்டு தங்கம் பூசின கான்டாக்ட், ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா, கூரான விளிம்பும் விளிம்பும் தொடுற மாதிரி, அதனால தொடுற இடம் ரொம்பச் சின்னது, நடுவுல தூசி நிக்க இடமில்லை. சும்மா இருக்கும்போது தண்டுல இருக்குற ரெண்டு சின்னக் கால் கான்டாக்டைத் தள்ளிப் பிடிச்சிருக்கும், கீ 4 மில்லிமீட்டர் பயணத்துல பாதி இறங்கினதும் அந்தக் கால் விலகும், கான்டாக்ட் தானா வந்து தொடும். முதல்ல வந்த பிளாக்ங்கற ரகம் மேல இருந்து கீழ ஒரே சீரா போகும், விரலுக்குப் பதிலே கிடையாது, ஸ்பிரிங் கொஞ்சம் கடினம். 90கள்ல பரவின பிரௌன்ல அந்தக் காலோட வடிவத்துல ஒரு சின்ன மேடு வச்சாங்க, கான்டாக்ட் தகடு அந்த மேட்டு மேல ஏறி இறங்குறதுதான் உங்க விரலுக்குத் தெரியுற அந்த லேசான தடங்கல். புளூங்கற ரகத்துல தண்டே ரெண்டு துண்டு, கீழ்த் துண்டு ஒரு இடத்துல தாவி இறங்கி அடிக்கிறதுதான் கிளிக், ஆனா கீ திரும்ப மேல வரும்போது சிக்னல் விடுபடுற இடம் வேற, கொஞ்சம் மேல வந்தாத்தான் அடுத்த தடவை அழுத்த முடியும். ஒரே எழுத்தை வேகமா ரெண்டு தடவை அடிக்கிறவங்களுக்கு இது கையில உறுத்தும். எம்எக்ஸ் மோசம்னு நான் சொல்ல வரலை. நம்பகமான, சுலபமா மாத்தக்கூடிய, பல வகை பண்ணக்கூடிய ஒரு நல்ல இயந்திரம் அது, பேடன்ட் முடிஞ்ச பிறகு 2010கள்ல அத்தனை கம்பெனியும் அதையே எடுத்துப் பண்ண ஆரம்பிச்சதுக்குக் காரணம் அதுதான். விரலுக்குப் பதில் சொல்றதுல மட்டும் அது அடக்கமானது, அதுலயும் பிரௌன் ரொம்பவே அடக்கமானது.

இங்க ஒரு வதந்தியையும் பேசிடலாம். பழைய பிளாக் சுவிட்ச் புதுசை விட வழவழப்பா இருக்கும், அச்சு அப்போ புதுசா இருந்துச்சு, பிளாஸ்டிக் கலவை வேறன்னு நிறைய கதை சுத்துது, அதை நம்பி நிறைய காசும் கைமாறுது. வழவழப்பான பழைய பிளாக் இருக்குங்கறது உண்மை, கையில எடுத்துப் பாத்தா தெரியுது. காரணம் அச்சுதான்னு சொல்றதுக்கு யாரும் ஒழுங்கா ஆதாரம் காட்டினதில்லை. நான் பிரிச்சதுல நிறைய அடிபட்ட கீபோர்டுல வழவழன்னு இருந்திருக்கு, அதே கீபோர்டுல யாரும் தொடாத எஃப்12 பக்கம் சொரசொரன்னு இருந்திருக்கு, அதை வச்சுப் பாத்தா விரல் தேச்சு மெருகேத்தினதுதான் பெரும்பங்குன்னு எனக்குத் தோணுது. தோணுதுன்னுதான் சொல்றேன், நிரூபணம்னு சொல்லலை.

ஆல்ப்ஸ் தனிக்கதை. ஜப்பான் கம்பெனி, இதுவும் 80கள்ல. வெளிய வெறும் செவ்வகப் பெட்டி, உள்ள பிரிச்சா பாகம் நிறைய இருக்கும், அதனாலயே ஆர்வலர்கள் அதுக்குச் சிக்கலான ஆல்ப்ஸ்னு பேரு வச்சுட்டாங்க. ஒரு பக்கம் வளைஞ்ச ஒரு சின்னத் தகடு, கிளிக்கோ தடங்கலோ அதுல இருந்து வரும், எதிர்ப் பக்கம் மூடின ஒரு கான்டாக்ட் தட்டு, சிக்னல் அதுல இருந்து வரும். ரெண்டு வேலைக்கு ரெண்டு பாகம், ஆனா பொருத்தம் ரொம்பக் கவனமா பண்ணியிருப்பாங்க. புளூ, ஆரஞ்சு, சால்மன், க்ரீம்னு சொல்றதெல்லாம் உள்ள இருக்குற தண்டோட நிறத்தைப் பாத்து ஆர்வலர்கள் வச்ச பேருங்க. 1987ல வந்த ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டுல ஆரஞ்சு, சால்மன் ரகங்கள் கிடைக்கும், 1990ல வந்த அதோட ரெண்டாவது பதிப்புல சத்தம் அடக்கின க்ரீம் ரகம். நல்ல நிலையில இருக்குற புளூ ஆல்ப்ஸை அழுத்தினா அந்தக் கிளிக் மேல்பக்கமே வந்துடும், விரல் வச்ச உடனே பதில் சொல்ற மாதிரி இருக்கும், நான் தனி ரகம்னு சொன்னதுல மூணாவதா இதைச் சேர்ப்பேன். ஆனா நல்ல நிலைங்கற அந்த வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. ஆல்ப்ஸ் தண்டு பெட்டிச் சுவரோட பெரிய பரப்புல உரசிக்கிட்டுத்தான் இறங்கும், நடுவுல தூசி புகுந்தா உப்புத்தாள் மாதிரி வேலை பார்க்கும், சில வருஷத்துல பிளாஸ்டிக் சுவத்துல கீறல் விழுந்துடும். அப்புறம் எவ்வளவு கழுவினாலும், எந்த மசகு போட்டாலும், கொஞ்சம் திருந்தும், முழுசா திரும்ப வராது. சந்தேகம் இருந்தா கீயை நடுவுல அழுத்தாம ஓரத்துல அழுத்திப் பாருங்க, சரசரன்னு நின்னு நின்னு போச்சுன்னா தூசி தின்னுடுச்சுன்னு அர்த்தம். புளூ ஆல்ப்ஸ் பிரமாதம்னு ஒருத்தரும் குப்பைன்னு இன்னொருத்தரும் சொல்றதைப் படிச்சிருப்பீங்க, பெரும்பாலும் ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க, அவங்க கையில இருந்த பீஸ் வேற வேற.

மத்ததை வேகமா சொல்லிடுறேன். டோப்ரேங்கற கம்பெனியோட சுவிட்ச் 1983ல ஜப்பான்ல வந்தது, ரப்பர் கிண்ணம் விரலுக்குப் பதில் குடுக்கும், அதுக்குள்ள இருக்குற கூம்பு ஸ்பிரிங் கெபாசிட்டன்ஸை மாத்தி சிக்னல் குடுக்கும், மெக்கானிக்கலா இல்லையான்னு முடிவே இல்லாத சண்டை ஒண்ணு நடக்குது, எனக்கு அதுல ஆர்வம் இல்லை, அழுத்த அருமையா இருக்கும், இன்னும் புதுசா கிடைக்குது. என்எம்பிங்கற கம்பெனி பண்ண ஒண்ணு இருக்கு, கீ எடுத்துட்டு மேல இருந்து பாத்தா தண்டு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டுல வர்ற பூச்சி மாதிரியே இருக்கும், அந்தப் பேரே நிலைச்சிடுச்சு. ஃபுடாபா, எஸ்எம்கே, மிட்சுமின்னு இன்னும் நிறைய கம்பெனிகளோட சுவிட்ச் இருக்கு, சேகரிக்கிறவங்களுக்கு சுவாரசியம், தினமும் எழுதுற உங்களுக்குத் தேவைப்படாது.

அப்புறம் ஏன் இதெல்லாம் போச்சு? டிசைன் தோத்ததால இல்லை, விலையால. 1981ல அந்த ஐபிஎம் பிசி அடிப்படை மாடலே 1565 டாலர், அதுவும் டிஸ்க் டிரைவ், மானிட்டர் எதுவும் இல்லாம. டெர்மினல் வாங்குற கம்பெனிகள் அதைவிட நிறைய குடுத்தாங்க. அவ்வளவு விலைக்குள்ள கீபோர்டுக்குன்னு நல்ல பங்கு ஒதுக்க முடிஞ்சுது, அதுக்குன்னு இன்ஜினியர்கள் வருஷக்கணக்கா உக்காந்து யோசிக்கவும் முடிஞ்சுது. 90கள்ல கம்ப்யூட்டர் விலை விழுந்ததும் முதல்ல வெட்டு விழுந்தது கீபோர்டு மேலதான், ஒரே ஷீட்ல வார்த்த ரப்பர் கிண்ணமும் மெம்பிரேனும் போதும்னு எல்லாரும் மாறிட்டாங்க. ஐபிஎம்மோட கீபோர்டு தொழில் 1991ல லெக்ஸ்மார்க்னு தனியா பிரிஞ்சுது, 1996ல அந்த எந்திரங்களோட உரிமை யூனிகாம்ப்னு ஒரு சின்னக் கம்பெனிக்குப் போச்சு, அமெரிக்கால கென்டக்கில இருந்து அவங்க இன்னும் பக்ளிங் ஸ்பிரிங் பண்றாங்க. இன்னொண்ணையும் கணக்குல வச்சுக்கோங்க, இன்னைக்கு நம்ம கைக்கு வர்ற பழசு எல்லாம் அன்னைக்கு விலை கூடுதலா வித்த ரகங்கள்தான், அதே காலத்துல வந்த மட்டமான கீபோர்டு எல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிடுச்சு. மிஞ்சினதை மட்டும் பாத்துட்டு அந்தக் காலத்துல எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு சொல்றது சரியில்லை.

இப்போ வாங்குற விஷயம். படத்தைப் பாத்து ஒரு சுவிட்ச் எப்படி இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது, அதனால கையில அழுத்திப் பாக்க வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க. மாடல் எம்ல பாக்க வேண்டியது ரிவெட். ஸ்பிரிங் இருக்குற பிளாஸ்டிக் சட்டத்தையும் பின்னாடி இருக்குற இரும்புத் தகட்டையும் உருக்கின பிளாஸ்டிக் குமிழ்களாலதான் சேர்த்திருப்பாங்க, வயசாக ஆக அது ஒவ்வொண்ணா உடையும், கீபோர்டைக் கவுத்து ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம் வந்தா அந்தத் துண்டுகள்தான். நாலஞ்சு உடைஞ்சிருந்தா பரவாயில்லை, ஒரு பகுதி முழுக்கப் போயிருந்தா அங்க அழுத்தம் மாறி கீ மொத்தையாகும், அப்போ சட்டத்தைப் பிரிச்சு துளை போட்டு சின்ன போல்ட் போட்டு இறுக்கணும், பொறுமை இருந்தா வீட்டுலயே பண்ணலாம். மெம்பிரேன்ல காபி, டீ ஊத்தியிருந்தா கோடுகள் அரிச்சுப் போயிருக்கும், ஒரு வரிசை கீ மொத்தமா வேலை செய்யாதது அதோட அறிகுறி. மாடல் எஃப்ல சட்டத்துக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவுல ஒரு ஃபோம் ஷீட் இருக்கும், அது மக்கியிருக்கும்னே வச்சுக்கோங்க, மாத்தினா புதுசு மாதிரி ஆகிடும், ஆனா முழுசா பிரிக்கணும். இன்னொரு சிக்கல் இணைப்பு. 1987ல பிஎஸ்/2ங்கற சின்ன வட்டப் பின் வர்றதுக்கு முன்னாடி இருந்தது வட்டமான பெரிய பின், அதுலயும் ஐபிஎம்மோட முதல் பிசி, அதுக்கப்புறம் வந்த எக்ஸ்டி காலத்து கீபோர்டு பேசுற மொழி வேற, அதுக்கும் அடுத்து வந்த ஏடி காலத்துது வேற. வெறும் பின்னை மாத்துற அடாப்டர் வாங்கினா எக்ஸ்டி கீபோர்டு வேலையே செய்யாது, உள்ள சிப் வச்ச கன்வர்ட்டர் வேணும். மஞ்சளாகிப்போன நிறத்துக்கு பயப்படாதீங்க, அது ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெளிச்சத்துல பழுத்தது, உழைப்பை ஒண்ணும் பண்ணாது. மாடல் எம்மோட கீகேப் (கீ மேல இருக்குற மூடி) பிபிடி பிளாஸ்டிக், எழுத்தும் சாயமா உள்ள இறங்கினது, அதனால இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் சோப்புத் தண்ணில ஊற வச்சு எடுத்தா அப்படியே வரும்.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். நாள் பூரா எழுதுறீங்க, பிரௌன்ல திருப்தி இல்லாமத்தான் இந்தக் கேள்வியே வந்திருக்கு, அப்போ உங்க விரல் தெளிவான ஒரு பதிலைத் தேடுது, அதுக்கு பக்ளிங் ஸ்பிரிங்தான் சரியா வரும். பழைய மாடல் எம்ல 1391401ங்கற பார்ட் நம்பர் போட்டது நிறையவே கிடைக்கும், நிறைய இருக்குறதால உதிரி பாகமும் கிடைக்கும், முதல் பழைய கீபோர்டா அதை எடுக்குறது நல்லது. பழுது பாக்குறதுல விருப்பம் இல்லைன்னா யூனிகாம்ப்ல புதுசே வாங்கிடுங்க, ஃபினிஷிங் அந்தக் காலத்து அளவுக்கு இருக்காது, ஆனா ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். கூட வேற யாராவது அதே ரூம்ல வேலை பாக்குறாங்க, இல்ல தூங்குறாங்கன்னா ரெண்டும் வேண்டாம், அந்தச் சத்தத்தை எந்த ரப்பர் மேட்டும் அடக்காது, டோப்ரே பக்கம் போங்க. மாடல் எஃப், பீம் ஸ்பிரிங், புளூ ஆல்ப்ஸ் இதெல்லாம் முதல்லயே வாங்க வேண்டாம், விலையும் அதிகம், நிலைமை எப்படி இருக்கும்னு தெரியாம மாட்டிப்பீங்க, எம்ல ஒரு வருஷம் அடிச்சுட்டு அப்பவும் ஆசை இருந்தா பாத்துக்கலாம். எம் வாங்கினீங்கன்னா ஓட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்மூடியைத் திறந்து ரிவெட்டை எண்ணிடுங்க, ஸ்க்ரூ எல்லாம் ஆழமான குழிக்குள்ள அறுகோணத் தலையோட இருக்கும், சாதா ஸ்க்ரூ டிரைவர் நுழையாது, 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேணும், அதுலயும் வாய்ப்பக்கம் தடிமன் கம்மியானதாப் பாத்து வாங்குங்க, தடிச்சது அந்தக் குழிக்குள்ள போகாது.